வில்லங்கம் உள்ள நிலம் கைமாறும்போது

நிலம் வாங்குபவர் விலை பேசி முடிப்பதற்குள் வில்லங்கச் சான்றிதழைக் கேட்டுவிடுவார். அந்த நிலத்தின்மீது வேறு யாருக்கேனும் உரிமையோ வழக்கோ கடனோ இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுப்பவர்கள் குறைவு. 1973ஆம் ஆண்டில் கனடாவின் வடமேற்குப் பிரதேசங்களில் வாழும் தெனே என்ற பூர்வகுடி மக்களின் 16 தலைவர்கள் நிலப்பதிவு அலுவலகத்தில் ஏறத்தாழ இதே வகையான ஒரு வில்லங்கத்தைப் பதிவு செய்யக் கோரினார்கள். அவர்கள் குறிப்பிட்டது ஒரு மனையையோ தோட்டத்தையோ அன்று. மெக்கன்சி ஆறு பாயும் ஏறத்தாழ 10 லட்சம் சதுர கிலோமீட்டர் நிலப்பரப்பை. இந்த நிலத்தில் எங்களுக்கு உரிமை உண்டு, அதை அறிந்துகொண்டே எவரும் இதில் கை வைக்க வேண்டும் என்பதே அந்த மனுவின் சாரம்.

அந்தப் பிரதேசத்தின் சட்டமன்றத்தில் பல பத்தாண்டுகள் நடந்த அதிகாரப் பரவலாக்க விவாதங்களைப் புரிந்துகொள்ள இந்த மனுவிலிருந்து தொடங்குவதே எளிது. ஓட்டாவாவில் உள்ள கூட்டாட்சி அரசு நில நிர்வாகத்தைப் பிரதேச அரசிடம் கைமாற்ற விரும்பியது. பிரதேச அரசும் அதைப் பெற்றுக்கொள்ள விரும்பியது. ஆனால் கைமாறவிருந்த நிலத்தில் வில்லங்கம் இருந்தது. அதைத் தீர்த்துவிட்டுக் கைமாற்றுவதா, கைமாற்றிவிட்டுத் தீர்ப்பதா என்பதில்தான் பூசலின் பெரும்பகுதி அடங்கியிருந்தது.

வடமேற்குப் பிரதேசங்கள் என்பது பெயரளவில் பன்மை. ஆட்சியளவில் அது ஒரே அலகு. பரப்பு 13 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 41,070. அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் தெனே, மேத்தி, இனுவியாலுயிட் ஆகிய பூர்வகுடியினர். தலைநகர் யெல்லோநைஃப். கனடாவில் மாகாணத்துக்கும் பிரதேசத்துக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. மாகாணத்தின் அதிகாரங்கள் அரசியலமைப்பிலேயே எழுதப்பட்டவை என்பதால் ஓட்டாவா நினைத்தாலும் அவற்றைத் தன் விருப்பப்படி குறைக்க முடியாது. பிரதேசத்தின் அதிகாரங்களோ நாடாளுமன்றம் இயற்றிய சாதாரணச் சட்டம் ஒன்றின் வழியாக வழங்கப்பட்டவை. ஆகவே, அல்பெர்ட்டா மாகாணம் தன் எண்ணெய் வளத்தைத் தானே நிர்வகித்து அதன் வருவாயைப் பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், அதன் வடக்கே இருந்த வடமேற்குப் பிரதேசங்களின் நிலம், நீர், கனிமம் ஆகியவை பற்றிய முடிவுகளை ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில் இருந்த ஓட்டாவா அமைச்சர் ஒருவரே எடுத்துக்கொண்டிருந்தார். 1998இல் எக்காட்டி வைரச் சுரங்கம் உற்பத்தியைத் தொடங்கியபோது, வெட்டியெடுத்த வைரத்துக்காகச் சுரங்க நிறுவனம் செலுத்த வேண்டிய ராயல்டி தொகையும் ஓட்டாவாவுக்கே போயிற்று.

இந்த நிலையை மாற்றுவதற்கான பேச்சுக்குத்தான் அதிகாரப் பரவலாக்கம் என்று பெயர். தமிழ் வாசகர்களில் பலருக்கு இச்சொல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் பற்றிய விவாதங்களால் பழக்கமானது; கனடாவின் வடக்கில் அதன் பொருள் அதைவிடக் குறுகியது. கூட்டாட்சி அமைச்சகம் ஒன்று கவனித்துவந்த துறையை, அதற்கான பணியாளர்களோடும் பணத்தோடும் பிரதேச அரசிடம் ஒப்படைப்பதையே அங்கு அச்சொல் குறிக்கிறது. காடுகள், மருத்துவச் சேவை போன்றவை 1980களிலேயே இவ்வாறு கைமாறிவிட்டன. நிலமும் நீரும் கனிமமும் மட்டும் கடைசிவரை ஓட்டாவாவிடம் தங்கியிருந்தன. இன்னொரு நுணுக்கத்தையும் இங்கே கவனிக்க வேண்டும். கைமாறுவது நிலத்தின் உடைமை அன்று. நிலம் முன்போலவே முடியரசின் பெயரில் இருக்கும். அதன் 'நிர்வாகமும் கட்டுப்பாடும்' மட்டுமே ஓர் அரசிடமிருந்து இன்னோர் அரசுக்குச் செல்லும். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பது மாறாமல், நிலத்தைப் பார்த்துக்கொள்பவர் மட்டும் மாறுவதைப் போன்றது இது.

ஆனால் அந்தப் பட்டா செல்லுமா என்பதே தெனே மக்கள் எழுப்பிய கேள்வி. அரசின் பதிவேடுகளில் அந்த நிலம் முழுவதும் ஒரு வகையில் புறம்போக்குதான். தனியார் எவருக்கும் சொந்தமில்லாததால் அரசுக்குச் சொந்தம் என்ற கணக்கு. அங்கே தலைமுறை தலைமுறையாக வேட்டையாடியும் மீன்பிடித்தும் வாழ்ந்துவந்தவர்களுக்கு அந்தக் கணக்கு எப்போதுமே புரிந்ததில்லை. தன்னிடம் இரண்டு உடன்படிக்கைகள் இருப்பதாக அரசு சொன்னது. முதலாவது, க்ளோண்டைக் தங்க வேட்டையின் சூட்டில் 1899இல் ஏற்பட்ட 8ஆம் உடன்படிக்கை. மற்றது 1921இல் ஏற்பட்ட 11ஆம் உடன்படிக்கை. இரண்டாவதன் நேரம் கவனத்துக்குரியது. மெக்கன்சி ஆற்றங்கரையில் நார்மன் வெல்ஸ் என்ற இடத்தில் 1920இல் எண்ணெய் கிடைத்தது. அதற்கு முன் பல ஆண்டுகளாக உடன்படிக்கை கேட்டவர்களுக்குச் செவிசாய்க்காத அரசு, மறு ஆண்டே ஆளை அனுப்பிக் கையெழுத்து வாங்கியது. நிலத்தின்மீதான உரிமைகள் அனைத்தையும் விட்டுக்கொடுத்ததாக ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வாசகம் கூறுகிறது. சமாதானமாகவும் நட்பாகவும் வாழ்வோம், உங்கள் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் இடையூறு வராது என்று வாய்மொழியாகச் சொன்னதற்கே இசைந்தோம் என்று தெனே முதியவர்கள் நினைவுகூர்ந்தார்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஒரு சதுர மைல் வீதம் ஒதுக்குவதாக எழுதப்பட்ட நிலமும் அந்தப் பிரதேசத்தில் பெரும்பாலும் ஒதுக்கப்படவே இல்லை.

1973இன் மனு நீதிபதி வில்லியம் மாரோவிடம் வந்தது. அவர் நீதிமன்றத்தைக் குடியிருப்புகளுக்கே கொண்டுசென்றார். உடன்படிக்கை நடந்த நாளில் அங்கே இருந்த முதியவர்களின் சாட்சியத்தை அவரவர் ஊரிலேயே கேட்டார். தெனே மக்களுக்கு அந்த நிலத்தில் உரிமை இருக்கக்கூடும் என்றும், உடன்படிக்கைகள் அந்த உரிமையை அழித்துவிட்டனவா என்பது ஐயத்துக்குரியது என்றும் தீர்ப்பளித்தார். உச்ச நீதிமன்றம் 1976இல் மனுவை நிராகரித்தது. ஆனால் தனியாருக்குப் பட்டயம் வழங்கப்படாத அரசு நிலத்தின்மீது இத்தகைய வில்லங்கத்தைப் பதிவு செய்ய முடியாது என்ற தொழில்நுட்பக் காரணத்தையே சொன்னது. உரிமை இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்குள் அது செல்லவில்லை. பதிவேட்டில் ஏறாத அந்த வில்லங்கம் அரசியலில் ஏறிவிட்டது. அதே 1973இல், பிரிட்டிஷ் கொலம்பியாவின் நிஸ்கா மக்கள் தொடுத்த கால்டர் வழக்கின் தீர்ப்புக்குப் பிறகு, உரிமை தீர்மானிக்கப்படாத நிலங்களைப் பற்றிப் பூர்வகுடிகளோடு பேசி முடிவு காண்பது என்ற கொள்கையைக் கூட்டாட்சி அரசு அறிவித்தது. நில உரிமைக் கோரிக்கை என்று இன்று சொல்லப்படுவது இந்தக் கொள்கையின் வழியாக நடக்கும் பேச்சுவார்த்தையே.

அந்தப் பேச்சில் என்ன கிடைக்கிறது? சுருக்கமாகச் சொன்னால், தெளிவில்லாத ஒரு பெரிய உரிமைக்குப் பதிலாகத் தெளிவான சிறிய உரிமைகள். வாழ்ந்துவந்த பரப்பில் ஒரு பகுதி நிலம் சொந்தமாகும். அதிலும் பெரும்பகுதியில் மேற்பரப்பு மட்டுமே, சிறு பகுதியில் மட்டும் அடியிலுள்ள கனிமமும் சேர்த்து. ஈட்டுத்தொகை, பரந்த பரப்பில் வேட்டை உரிமை, நிலத்தையும் நீரையும் பற்றி முடிவெடுக்கும் வாரியங்களில் இடம் ஆகியவையும் உண்டு. 1984இல் இனுவியாலுயிட் மக்கள் முதலில் உடன்பாடு கண்டார்கள். தெனே, மேத்தி மக்கள் அனைவரும் சேர்ந்து பேசிய உடன்பாடு 1990 ஏப்ரலில் முன்கையொப்பம் வரை வந்து, அந்தக் கோடையில் தெத்தா கிராமத்தில் கூடிய பேரவையில் முறிந்தது. பழைய உரிமைகள் அனைத்தும் இத்துடன் அற்றுப்போகும் என்ற வாசகத்தை அவர்கள் ஏற்க மறுத்ததே காரணம். அதன்பின் ஒவ்வொரு வட்டாரமும் தனித்தனியே பேசத் தொடங்கியது. க்விச்சின் 1992இல் கையெழுத்திட்டது, சாத்து 1993இல். திலிச்சோ மக்கள் 2003இல் கையெழுத்திட்டு 2005இல் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கை இவற்றுள் மிக விரிவானது: 39,000 சதுர கிலோமீட்டர் ஒரே தொகுப்பாக, அடிமண் கனிமத்தோடு, தன்னாட்சி அதிகாரத்தையும் சேர்த்துப் பெற்றார்கள். தெற்கே இருக்கும் தேச்சோ, அகைச்சோ மக்கள் உடன்பாடு காணாமல் எஞ்சினார்கள். தேச்சோவின் நிலைப்பாடு எளிமையானது: நாங்கள் நிலத்தை ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை, ஆகவே அதைத் துண்டுபோட்டுத் திரும்பப் பெறுவதற்கும் எதுவுமில்லை.

இப்போது சட்டமன்றத்துக்கு வரலாம். 1967 வரை இந்தப் பிரதேசத்தின் ஆட்சிமன்றம் ஓட்டாவாவிலிருந்தே நடத்தப்பட்டது; உறுப்பினர் அனைவரும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாக அமைந்ததே 1975இல்தான். அதே ஆண்டு ஃபோர்ட் சிம்ப்சனில் தெனே மக்கள் வெளியிட்ட பிரகடனம், கனடா அரசும் தங்கள் அரசன்று, வடமேற்குப் பிரதேசங்களின் அரசும் தங்கள் அரசன்று, இரண்டும் தங்கள்மீது சுமத்தப்பட்டவை என்று அறிவித்தது. ஆகவே ஓட்டாவாவிடமிருந்து யெல்லோநைஃபுக்கு அதிகாரம் வருவது அவர்கள் கண்ணில் முன்னேற்றமாகப் படவில்லை. தொலைவில் இருந்த அந்நியரிடமிருந்து அருகில் இருக்கும் அந்நியரிடம் நிலம் போகிறது, அவ்வளவே.

1979 தேர்தலுக்குப் பின் அவையில் பூர்வகுடி உறுப்பினர்கள் பெரும்பான்மை பெற்றபோது இந்தப் படம் குழம்பியது; சுவையாகவும் ஆயிற்று. இனுவியாலுயிட் நிலக் கோரிக்கைக்காகப் பேச்சு நடத்தியவர்களில் ஒருவரான நெல்லி கோர்னோயே அந்தத் தேர்தலில் அவைக்கு வந்தார். 1991இல் பிரதேச முதல்வரானார். பிறகு இனுவியாலுயிட் வட்டாரக் கழகத்தின் தலைவராக, அதே பிரதேச அரசோடு மேசையின் மறுபுறம் அமர்ந்து அதிகாரப் பரவலாக்கத்தைப் பற்றிப் பேசினார். தெனே தேசத்தின் தலைவராக இருந்த ஸ்டீபன் காக்ஃப்வி 2000இல் முதல்வரானார். 1980களில் பிரதேச அரசின் தலைவராக இருந்த ரிச்சர்ட் நெரிசூ, 2011இல் க்விச்சின் மக்களின் தலைவராக நின்று பிரதேச அரசின் உடன்பாட்டை எதிர்த்தார். அரசு ஒருபுறம், பூர்வகுடிகள் மறுபுறம் என்று கோடு கிழித்துப் படிப்பவர்கள் இந்தப் பெயர்களைக் கண்டதும் தடுமாறுவார்கள். ஒரே மனிதர் வாழ்நாளில் இரண்டு நாற்காலிகளிலும் அமர்ந்திருக்கிறார். நாற்காலி மாறும்போது கேட்கும் கேள்வியும் மாறுகிறது.

அவையின் அமைப்பும் தனித்தன்மை உடையது. அங்கே கட்சிகள் இல்லை. 19 உறுப்பினர்களும் சுயேச்சையாகவே வெல்கிறார்கள். பிறகு கூடித் தங்களுக்குள் ஒருவரைச் சபாநாயகராகவும் ஒருவரை முதல்வராகவும் ஆறு பேரை அமைச்சர்களாகவும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். எஞ்சும் 11 பேர் அமைச்சரவையைவிட எண்ணிக்கையில் அதிகம். கொறடா என்ற ஒருவரே இல்லாத அவையில், அமைச்சரவை தான் பேசி முடித்த உடன்பாட்டுக்கு ஆதரவை ஒவ்வொருவராகத் திரட்ட வேண்டும். தன் தொகுதி மக்களின் நிலக் கோரிக்கை இன்னும் தீராத உறுப்பினர் எழுந்து கேட்கும் கேள்விக்கு மறுமொழி சொல்லியாக வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு ஆகியவற்றோடு ஒன்பது பூர்வகுடி மொழிகளும் ஆட்சிமொழிகள் என்பதால் அந்தக் கேள்வி தெனே மொழி ஒன்றிலும் வரலாம். இருந்தாலும் ஒரு குறையைச் சொல்லாமல் விட முடியாது. பேச்சுவார்த்தை மேசையில் அமர்பவர்கள் அமைச்சரவையின் ஆட்களே. சாதாரண உறுப்பினர்கள் பெரும்பாலும் முடிவானதைப் பற்றியே விவாதிக்கும் நிலையில் இருந்தார்கள்.

2011 ஜனவரி 26இல் முதல்வர் ஃப்ளாய்ட் ரோலண்ட் அதிகாரப் பரவலாக்கத்துக்கான கொள்கையளவு உடன்பாட்டில் கையெழுத்திட்டபோது, பூர்வகுடி அமைப்புகளில் இனுவியாலுயிட் வட்டாரக் கழகமும் மேத்தி தேசமும் மட்டுமே உடன் நின்றன. க்விச்சின், சாத்து, திலிச்சோ, தேச்சோ, அகைச்சோ எவரும் வரவில்லை. வராதவர்களிலும் இருவகை உண்டு என்பதைத் தொடக்கநிலை வாசகர் பிரித்துப் பார்க்க வேண்டும். ஏற்கெனவே நிலக் கோரிக்கை தீர்ந்த மக்களின் குறை, தங்கள் உடன்படிக்கை தரும் இடம் தங்களுக்குத் தரப்படவில்லை என்பது. வடக்கின் எண்ணெய், எரிவாயு அதிகாரம் கைமாறும் பேச்சில் தங்களையும் சேர்க்க வேண்டும் என்ற உறுதி க்விச்சின் உடன்படிக்கையிலேயே எழுதப்பட்டிருந்தது. அதை முன்வைத்து அவர்கள் நீதிமன்றத்தை நாடினார்கள். கோரிக்கை தீராதவர்களின் குறை வேறு: எங்கள் நிலம் எது என்பதே முடிவாகாதபோது அதை யாரிடமிருந்து யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்பது. அவர்களுடைய நிலக் கோரிக்கைப் பேச்சில் பிரதேச அரசும் ஒரு தரப்பு. ஒரு மேசையில் எதிரே அமர்ந்து நிலத்தின் அளவைக் குறைத்துக் கேட்கும் அரசு, அடுத்த மேசையில் அதே நிலத்தைத் தான் பெற்றுக்கொள்ள ஆதரவு தாருங்கள் என்று கேட்டால் எவருக்கும் ஐயம் எழத்தான் செய்யும்.

முதல் வகையினரின் குறை பேசித் தீர்க்கக்கூடியதாக இருந்தது. முதல்வர் பாப் மெக்லியோட் காலத்தில், 2012, 2013 ஆண்டுகளில் சாத்து, க்விச்சின், திலிச்சோ மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. 2013 ஜூன் 25இல் இனுவிக் நகரில் இறுதி உடன்பாடு கையெழுத்தாகியது. 2014 ஏப்ரல் 1இல் நிர்வாகம் கைமாறியது. பணக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் புரிந்துகொள்ளலாம். அரசு நிலத்திலிருந்து 100 டாலர் ராயல்டி வந்தால் 50 டாலர் பிரதேசத்துக்கு நிற்கும். மறு பாதி ஓட்டாவாவுக்கு. பிரதேசம் தன் 50இல் 25 விழுக்காடு வரை, அதாவது 12.50 டாலர் வரை, உடன்பாட்டில் இணைந்த பூர்வகுடி அரசுகளோடு பகிர்ந்துகொள்ளும். பிரதேசம் வைத்துக்கொள்ளும் பங்குக்கு ஓர் உச்சவரம்பும் உண்டு: ஓட்டாவா தன் மானியத்தைக் கணக்கிடப் பயன்படுத்தும் செலவின அடிப்படைத் தொகையில் 5 விழுக்காடு. வருவாய் எவ்வளவு பெருகினாலும் அந்த வரம்புக்கு மேல் பிரதேசத்துக்கு நிகரப் பயன் இல்லை. இந்த உச்சவரம்பு அவையிலும் வெளியிலும் கசப்போடு பேசப்பட்டதில் வியப்பில்லை. மாகாணத்துக்கு இணையான அதிகாரம் என்று சொல்லிவிட்டு, மாகாணத்துக்கு இல்லாத மூடியைப் போட்டிருக்கிறார்கள்.

ஓட்டாவா தன்னிடம் வைத்துக்கொண்டவையும் உண்டு. 1921இன் உடன்படிக்கைக்கே காரணமான நார்மன் வெல்ஸ் எண்ணெய் வயல் கைமாறவில்லை. யெல்லோநைஃபின் விளிம்பில், 2,37,000 டன் ஆர்செனிக் ட்ரையாக்சைடு நச்சுத்தூள் நிலத்தடி அறைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கும் கைவிடப்பட்ட ஜயன்ட் தங்கச் சுரங்கத்தின் பொறுப்பும் ஓட்டாவாவுடையதே. பின்னதை எவரும் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்கள்.

கைமாற்றத்துக்காக நாடாளுமன்றம் 2014இல் நிறைவேற்றிய அதே சட்டத்தில் இன்னொன்றும் பொதிந்திருந்தது. மெக்கன்சி பள்ளத்தாக்கில் க்விச்சின், சாத்து, திலிச்சோ உடன்படிக்கைகளின்படி ஏற்பட்ட வட்டார நில-நீர் வாரியங்களைக் கலைத்து ஒரே பெரிய வாரியமாக்கும் பிரிவுகள் அவை. சுரங்கத்துக்கும் குழாய்த்தடத்துக்கும் உரிமம் வழங்கும் வாரியங்களில் தங்கள் பரிந்துரையால் அமர்ந்த உறுப்பினர்கள் இருப்பது, இந்த மக்கள் நிலத்தின் பெரும்பகுதியை விட்டுக்கொடுத்ததற்கு ஈடாகப் பெற்றவற்றில் முக்கியமானது. திலிச்சோ அரசு வழக்குத் தொடுத்தது; 2015 பிப்ரவரியில் பிரதேச உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவுகளுக்குத் தடை விதித்தது; 2019இல் நாடாளுமன்றமே வேறொரு சட்டத்தால் அவற்றை நீக்கியது. ஒரு கையால் அதிகாரத்தை வடக்குக்குக் கொடுத்துக்கொண்டே, மறு கையால் வடக்கில் ஏற்கெனவே இருந்ததைத் திரும்ப எடுக்க முயன்ற இந்த நிகழ்வுதான், பரவலாக்கம் என்பதும் பூர்வகுடி உரிமை என்பதும் ஒன்றல்ல என்பதற்கு நான் அறிந்தவற்றுள் மிகத் தெளிவான சான்று.

கைமாறும் நாளுக்குள் சட்டமன்றம் கூட்டாட்சிச் சட்டங்களை ஏறத்தாழ அப்படியே நகலெடுத்துத் தன் சட்டங்களாக நிறைவேற்ற வேண்டியிருந்தது. ஒரு நாள்கூட உரிமங்கள் சட்டத்தின் நிழலின்றி நிற்கக்கூடாது என்பதற்காக நடந்த ஏற்பாடு அது. மாற்றி எழுதும் வேலை பின்னர் தொடங்கியது. உடன்பாட்டில் இணைந்த பூர்வகுடி அரசுகளும் பிரதேச அரசும் அமரும் அரசுகளிடைப் பேரவை ஒன்று இதற்காக அமைந்தது. நிலம், கனிமம் பற்றிய சட்டங்களின் வரைவு அவைக்கு வருவதற்கு முன்பே இரு தரப்பும் சேர்ந்து எழுதும் வழக்கம் வளர்ந்தது. 2019இல் நிறைவேறிய கனிம வளச் சட்டமும் பொது நிலச் சட்டமும் அவ்வழியே வந்தவை. இதில் அவையின் சாதாரண உறுப்பினர்களுக்கு ஒரு புதிய சங்கடம் உண்டு. பல அரசுகள் கூடி எழுதிய வரைவில் ஒரு வரியைத் திருத்த முனைந்தால், மக்கள் தேர்ந்தெடுத்த அவை தன் கடமையைச் செய்கிறதா, அல்லது பூர்வகுடி அரசோடு செய்த இசைவைக் கலைக்கிறதா என்ற கேள்வி எழுகிறது. இரண்டும் சரியே என்பதுதான் சங்கடம்.

தீராத வில்லங்கத்துக்கு உடன்பாடு கண்ட வழியையும் சொல்ல வேண்டும். நிலக் கோரிக்கை ஒன்று பின்னாளில் தீரும்போது, அதற்குத் தேவையான நிலத்தின் நிர்வாகத்தைக் கூட்டாட்சி அரசு பிரதேசத்திடமிருந்து திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்ற பிரிவு அதில் இருக்கிறது. நிலம் கைமாறினாலும் கோரிக்கையின் வாசல் அடைபடாது என்பது அதன் பொருள். அகைச்சோவுக்கும் தேச்சோவுக்கும் இது போதுமான ஆறுதலாக இருந்திருக்காது. 2024ஆம் ஆண்டிலும் அவர்களுக்கு இறுதி உடன்படிக்கை இல்லை.

பக்கத்துப் பிரதேசமான நூனவுட் இதே பாதையை எதிர்த்திசை வரிசையில் நடந்திருக்கிறது. அங்கே இனுயிட் மக்களின் நிலக் கோரிக்கை 1993இலேயே முழுதாகத் தீர்ந்தது. அந்தத் தீர்விலிருந்தே 1999இல் பிரதேசம் பிறந்தது. நில அதிகாரத்தைக் கைமாற்றும் இறுதி உடன்பாடு 2024 ஜனவரி 18இல் இக்கலுயிட் நகரில் கையெழுத்தானபோது, ஓட்டாவாவுக்கும் நூனவுட் அரசுக்கும் அருகில் இனுயிட் மக்களின் நிலவுரிமைக் கழகமும் மூன்றாம் தரப்பாகக் கையெழுத்திட்டது. கைமாற்றத்துக்குக் குறித்திருக்கும் நாள் 2027 ஏப்ரல் 1.